சம்பளத் தேதிக்கும் தவணைத் தேதிக்கும் நடுவே

சென்னைப் புறநகரான திருமுல்லைவாயிலில் அறை எடுத்துத் தங்கி, பட்டரவாக்கம் பக்கமோ பாடிக்கோ வேலைக்குப் போகும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்குச் சம்பளம் பெரும்பாலும் ஏழாம் தேதி வருகிறது. பெரிய ஆலை என்றால் பத்தாம் தேதி. இந்தத் தேதிகள் பழைய சட்டத்திலிருந்து வந்தவை. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக உள்ள ஆலைகளுக்கு ஏழாம் தேதியையும் மற்றவற்றுக்குப் பத்தாம் தேதியையும் கடைசி நாளாக வைத்தது. ஆனால் அவனுடைய பைக் தவணை வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படுவது ஐந்தாம் தேதி. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் கடன் கொடுத்த நிறுவனம் ஒரு அபராதம் போடும், வங்கி இன்னொன்று போடும். இதைத் தவிர்க்க அவன் அறை நண்பனிடம் கைமாற்று வாங்குகிறான். நண்பனிடமும் இல்லையென்றால் போனில் இருக்கும் கடன் செயலியைத் திறக்கிறான். இரண்டு நாள் இடைவெளி ஒரு புதுக் கடனாகிவிடுகிறது.

இளம் தொழிலாளிகளின் கடனைப் பற்றிப் பேசும்போது நம் ஊரில் முதலில் வரும் சொல் ஆடம்பரம். விலை உயர்ந்த போன், பைக், வாரக் கடைசிப் பிரியாணி என்று ஒரு பட்டியல் உடனே நீளும். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் இளைஞர்களின் கடனைப் பிரித்துப் பார்த்தால் பெரும் பங்கு வேறு இடங்களில் நிற்கும்: வீட்டு அட்வான்ஸ், அக்கா கல்யாணம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, டிப்ளமோ படிக்க வாங்கியது, வேலைக்குப் போய்வர வாங்கிய வண்டி. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு வண்டி வேலைக் கருவிதான். அட்வான்ஸ் விஷயமும் அப்படியே. 2017ல் இயற்றப்பட்டு 2019ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. சென்னைப் புறநகரில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பது இன்னும் வழக்கமாகவே இருக்கிறது. முதல் சம்பளத்துக்கு முன்பே முதல் கடன் அங்கே பிறந்துவிடுகிறது.

ஆகவே 'எப்படி அடைப்பது' என்று கேட்பதற்கு முன், 'அடைத்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது' என்று கேட்க வேண்டும். என் கருத்தில் இந்தப் பிரச்சினையின் சாவி அங்கேதான் இருக்கிறது. அதற்கு மிகத் தெளிவான சான்று நம் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது.

கோயம்பேட்டில் நடந்த சோதனை

கோயம்பேடு சந்தையில் தள்ளுவண்டியிலும் தரையிலும் பூவும் பழமும் காய்கறியும் விற்கிறவர்களில் பலர் காலையில் ஆயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் ஆயிரத்து ஐம்பது திருப்பிக் கொடுப்பவர்கள். நாளொன்றுக்கு ஐந்து சதவீத வட்டி. இது ஏதோ ஒரு நாள் நெருக்கடி அல்ல, ஆண்டுக்கணக்கில் நடப்பது. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் என்ற மூன்று பொருளியலாளர்கள் இங்கேயும் பிலிப்பைன்ஸிலுமாக மூன்று இடங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். வியாபாரிகளில் ஒரு பகுதியினரின் வட்டிக் கடனை முழுவதுமாக அடைத்துவிட்டுப் பிறகு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். 2019ல் வெளியான முடிவு இது: பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடன் வாங்கினார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் அடைக்கப்படாதவர்களுக்கும் கடனளவில் வித்தியாசமே இல்லை.

இதைப் படித்து 'இவர்களைத் திருத்த முடியாது' என்று முடிவு கட்டுவது மிகத் தவறு. கணக்கைப் பார்த்தால் வேறொன்று தெரியும். தினமும் ஆயிரம் கடன் வாங்குகிற பெண் ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் குறைத்து வாங்கினால், மறுநாள் மிச்சமான வட்டியையும் சேர்த்துக் குறைத்தால், ஐம்பது நாளில் கடனே வேண்டாத நிலைக்கு வந்துவிடுவாள். ஏன் வருவதில்லை? அந்த ஐம்பது நாளுக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மழை பெய்து வியாபாரம் படுக்கும், சொந்தத்தில் ஒரு சாவு விழும். கையில் நூறு ரூபாய் இருப்பு இல்லாதவருக்கு இவை ஒவ்வொன்றும் வட்டிக்காரரிடம் போகிற வழி. கடனை அடைத்தார்கள், கையிருப்பு யாரும் கொடுக்கவில்லை. கோயம்பேட்டின் ஒரு நாள் வட்டிக்கும் திருமுல்லைவாயிலின் ஐந்தாம் தேதிக்கும் அளவில்தான் வேறுபாடு. கடனடைப்பும் சேமிப்பும் ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்கும் வேலைகள் என்று நம்புகிறவரை இந்தச் சுழற்சி நிற்காது.

எந்தக் கடன் எவ்வளவு தின்கிறது

கடன் வாங்குகிறவர் பேசும் மொழியிலேயே வட்டி மறைந்துகொள்கிறது. 'இரண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு, ஆண்டுக்கு இருபத்து நான்கு. 'ஐந்து வட்டி' அறுபது. 'பத்து வட்டி' நூற்றிருபது. இவையாவது வெளிப்படையானவை. தண்டல் அப்படி இல்லை. பத்தாயிரம் தண்டல் என்பார்கள்; முன்கூட்டியே ஆயிரம் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் ஆண்டுக்கு எழுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் போகிறது. ஆயிரத்துக்குப் பதில் ஆயிரத்து ஐந்நூறு பிடித்தால் நூற்றிருபதைத் தொடுகிறது.

ஷோரூமில் தரும் பைக் கடனும் இதே வித்தையைச் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்கிறது. 'பத்து பர்சென்ட் ஃப்ளாட்' என்று சொல்லி ஒரு லட்சத்தை மூன்று ஆண்டுக்குக் கொடுத்தால் வட்டி முப்பதாயிரம், தவணை 3,611 ரூபாய். கடைசித் தவணை வரை முழு லட்சத்துக்கும் வட்டி கட்டுகிறோம், அசல் கரைந்துபோன பிறகும். குறையும் அசல் முறையில் பார்த்தால் இது பதினெட்டு சதவீதக் கடன். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைத் தவணைக் கடனுக்கும் 'முக்கியத் தகவல் அறிக்கை' என்ற ஒரு தாளைக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்தியிருக்கிறது. கட்டணங்களையெல்லாம் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்த ஒரு எண்ணை மட்டுமாவது கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மற்ற பக்கங்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

கிரெடிட் கார்டு தனி வகை. மாதம் மூன்றரை சதவீத வட்டியில் ஐம்பதாயிரம் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,750, அதன் மேல் ஜிஎஸ்டி 315, ஆக 2,065. குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம் என்றால் 2,500 கட்டுகிறோம். அசலில் குறைவது 435 ரூபாய்தான். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. முப்பது சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்ன தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால், இப்போது அந்த உச்சவரம்பும் இல்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் நகைக் கடன் மலிவானது. வங்கியில் அம்மாவின் இரண்டு சவரனை வைத்து, கார்டு பாக்கியை அடைப்பது கணக்கில் சரியான முடிவே. எனக்கு இதில் ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: அன்றே அந்தக் கார்டை மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் ஆறு மாதத்தில் நகையும் அடகில் இருக்கும், கார்டிலும் பாக்கி இருக்கும். மீட்காமல் போனால் ஏலம் போவது மகனின் பொருள் அல்ல.

இளைஞனின் பெயரில் இல்லாத ஒரு கடனும் அவன் சம்பளத்திலிருந்து போகிறது. அம்மா வாங்கிய குழு லோன். மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் பெண்களுக்குக் கூட்டுப் பொறுப்பில் கொடுக்கும் கடனுக்கு வாரத் தவணை வசூலிக்க ஆள் தெருவுக்கே வருவார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் முன் தலைகுனிவு. ஊரிலிருந்து போன் வந்தால் மகன் அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் தரக் கூடாது என்று 2022ல் ரிசர்வ் வங்கி விதித்தது. வட்டிக்காரரிடமும் உறவினரிடமும் வாங்கியதை எந்தக் கணினியும் அறியாது என்பதால் அந்தப் பாதி காகிதத்தில் மட்டுமே பாதியாக இருக்கிறது.

அப்பாக்களின் சங்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொழிலாளி மட்டும் கடனில்லாமலா இருந்தார்? அவருக்கும் கல்யாணம், காதுகுத்து, வீட்டு மனை எல்லாம் இருந்தன. வேறுபாடு அவருக்குக் கிடைத்த அமைப்பில் இருந்தது. ஆவடி டாங்க் தொழிற்சாலை, ஐசிஎஃப், வங்கி, மின்வாரியம் போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் 'சொசைட்டி லோன்' என்பார்கள். பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் என்பது அதன் முழுப் பெயர். உறுப்பினர் மாதாமாதம் சிறு தொகை சேமிப்பார். அவசரத்துக்கு அதே சங்கத்தில் கடன் எடுப்பார். சேமிப்பு, தவணை இரண்டையும் சம்பளம் கைக்கு வருமுன்பே நிர்வாகம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். கடன் வாங்கியிருக்கும்போதும் சேமிப்பு நிற்காது. கோயம்பேட்டுச் சோதனையில் இல்லாமல் போனது எதுவோ அது இங்கே விதியாகவே இருந்தது.

இதன் வேர் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது என்பது பலரும் மறந்த செய்தி. விவசாயிகளின் கடன் சுமையை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாண அரசுக்கு 1895லும் 1897லும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் உண்டாக்கிய கிராமக் கூட்டுறவு வங்கிகளை இங்கே கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஒரே ஊரைச் சேர்ந்த பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம் என்றது அந்தச் சட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் சங்கம் பதிவானது திரூரில். திருமுல்லைவாயிலிலிருந்து அரக்கோணம் பாதையில் மேற்கே போனால் திருவள்ளூருக்குச் சற்று முன்னால் வரும் ஊர் அது. அதே 1904ல் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலையும் தொடங்கின.

இன்று தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும் இளைஞர்களில் பலர் மேன்பவர் கான்ட்ராக்டர் வழியாகவோ, அப்ரண்டிஸாகவோ வருகிறார்கள். பதினோரு மாதத்தில் கான்ட்ராக்டர் மாறுகிறார், அல்லது ஆலை மாறுகிறது. நிரந்தரப் பணியாளர்களுக்கான சங்கம் அவர்களைச் சேர்ப்பதில்லை. சங்கம் இருந்த இடத்தில் செயலி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பணம் வருகிறது என்பதில் அது சங்கத்தைவிட வேகமானதுதான். ஆனால் அது ஒரு ரூபாயும் சேமிக்க வைப்பதில்லை.

சேமிப்பு ஒழுகும் இடங்கள்

இளம் தொழிலாளியிடம் சேமிப்பே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. பிஎஃப் இருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து பதினைந்தாயிரம் என்றால் அவரிடமிருந்து 1,800 ரூபாய் பிடிக்கிறார்கள். நிறுவனம் போடும் 1,800ல் 1,250 ஓய்வூதிய நிதிக்குப் போக, 550 அவர் கணக்கில் சேர்கிறது. மாதம் 2,350. கடந்த சில ஆண்டுகளாகத் தரப்படும் 8.25 சதவீத வட்டியே நீடித்தால், பத்து ஆண்டில் இது நாலேகால் லட்சத்தைத் தாண்டும். அஞ்சலகமோ வங்கியோ இந்த வட்டியை இந்தப் பாதுகாப்போடு ஒரு சாதாரணத் தொழிலாளிக்குத் தருவதில்லை.

ஆனால் ஒவ்வொரு வேலை மாற்றத்திலும் இது வடிந்துவிடுகிறது. பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்காமல், வேலையை விட்ட இரண்டு மாதத்தில் முழுவதும் எடுத்து, அந்த மாதக் கடனை அடைத்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான்கு கம்பெனி மாறியவருக்கு முப்பது வயதில் பிஎஃப் இருப்பு சில ஆயிரம். பத்து ஆண்டுச் சேவை சேராததால் ஓய்வூதிய உரிமையும் போகிறது. 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு, கணக்கில் 25 சதவீதம் எப்போதும் இருக்க வேண்டும், வேலை போனபின் முழுத்தொகையையும் எடுக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களின் கோபம் நியாயமானது. வேலையில்லாதவரிடம் அவருடைய பணத்தை நிறுத்தி வைப்பது கடுமையானதுதான். ஆனாலும் முக்கால் பங்கை உடனே எடுக்க விட்டு, கால் பங்கைக் காப்பது நீண்ட காலத்தில் தொழிலாளிக்கு நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு வகை ஒழுக்கு கவலைக்குரியது. சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்ததாக இருக்கும், கணக்கில் ஏறியிருக்காது. அரசின் உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். பணம் ஏறவில்லையென்றால் இந்த வட்டாரத் தொழிலாளிக்கு பிஎஃப் அமைப்பின் அம்பத்தூர் மண்டல அலுவலகமே இருக்கிறது. பிஎஃப் உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு ஏழு லட்சம் வரை காப்பீடு கிடைக்கும் என்பதும், அதற்குத் தொழிலாளி தனியாக எதுவும் கட்டுவதில்லை என்பதும் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. வாரிசுப் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவே. மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐயும் உண்டு. தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம். ஆஸ்பத்திரிச் செலவே கடனின் பெரிய வாசல் என்பதால், அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையில் காத்திருக்கும் அரை நாள் வீண் அல்ல.

பிஎஃப் கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு. கண்ணுக்குத் தெரிவது சீட்டு. சீட்டை வெறும் மூடப்பழக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் அதன் பலத்தைப் புரிந்துகொள்ளவில்லை. இருபது பேர் மாதம் ஐயாயிரம் கட்டும் ஏலச் சீட்டில், அவசரம் உள்ளவர் தள்ளி எடுத்துக்கொள்கிறார். பொறுத்திருப்பவருக்குக் கழிவு கிடைக்கிறது. ஒரே ஏற்பாடு ஒருவருக்குக் கடன், இன்னொருவருக்குச் சேமிப்பு. மாதா மாதம் மற்றவர்கள் முன் கட்டியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் அதன் உயிர். அந்தக் கட்டாயத்துக்கு மனிதர்கள் விலைகூடக் கொடுப்பார்கள். விஜயவாடாவின் குடிசைப் பகுதியில் ஒரு பெண் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் நாளைக்கு ஐந்து ரூபாய் வீதம் 220 நாள் வாங்கி, சேர்ந்த 1,100 ரூபாயில் நூற்றைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு ஆயிரத்தைத் திருப்பித் தந்ததை ஆய்வாளர் ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டு பதிவு செய்திருக்கிறார். சேமிப்பதற்கு வட்டி வாங்காமல், வட்டி கொடுத்தார்கள் அந்தப் பெண்கள்.

ஆபத்து பதிவில்லாத சீட்டில் இருக்கிறது. 1982ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவாளரின் முன் அனுமதி வேண்டும். நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பணத்தைப் பிணையாகக் கட்டியிருக்க வேண்டும். அவருடைய கழிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த அனுமதி எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் சேர வேண்டாம். தெருவில் நம்பிக்கையின் பேரில் நடக்கும் தீபாவளிச் சீட்டில் இந்த எதுவும் கிடையாது.

சீட்டைவிடக் கொடிய ஒன்றைச் சென்னைக்காரர்கள் அண்மையில் பார்த்தார்கள். அமைந்தகரையில் அலுவலகம் வைத்திருந்த ஆருத்ரா நிறுவனம் ஒரு லட்சம் கட்டினால் மாதம் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் வரும் என்றது. 2022ல் விவகாரம் வெடித்தபோது, பொருளாதாரக் குற்றப் பிரிவின் கணக்கில் பாதிக்கப்பட்டோர் சுமார் ஒரு லட்சம் பேர், தொகை 2,400 கோடிக்கு மேல். கடன் வாங்கி அதில் போட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது எளிது. சம்பளத்தால் ஒருபோதும் எட்ட முடியாத வீடும் கல்யாணமும் எதிரே நிற்கும்போது அந்த வாக்குறுதி எப்படி ஒலித்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். நகைக் கடைச் சீட்டு பதினோரு மாதத்தோடு முடிவதற்குக் காரணம், ஓராண்டைத் தாண்டினால் அது வைப்புத் தொகையாகக் கருதப்பட்டு நிறுவனச் சட்ட விதிகளுக்குள் வந்துவிடும் என்பதுதான். கடை மூடினால் பாதுகாப்பு குறைவு. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் நூறு ரூபாயிலிருந்து தொடங்கலாம், இப்போதைய 6.7 சதவீதத்தில் மாதம் ஆயிரம் கட்டினால் ஐந்து ஆண்டில் 71,000 ரூபாயைத் தாண்டும். மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை நல்லதுதான், ஆனால் கார்டில் நாற்பது சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தொடங்குவதில் பொருளில்லை.

எதை முதலில்

கையில் பதினெட்டாயிரம் வாங்கும் ஒருவருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறைப் பங்கு 3,500, சாப்பாடு 5,000, வீட்டுக்கு 4,000, வண்டித் தவணை 2,800, போன் தவணை 1,200. மிச்சம் 1,500. பெட்ரோல், ரயில் சீசன் டிக்கெட், ரீசார்ஜ், மருந்து எல்லாம் அதில்தான். வருமானத்தில் பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு என்று அமெரிக்காவில் எலிசபெத் வாரன் தன் மகளோடு 2005ல் எழுதிய புத்தகம் பரப்பிய கணக்கு இங்கே செல்லாது. வீட்டுக்கு அனுப்பும் நாலாயிரம் தேவையா ஆசையா என்ற கேள்வியே நம் குடும்பங்களில் எழாது.

இந்த நிலையில் நான் முதலில் வைப்பது தேதியை. கடன் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுத் தவணைத் தேதியைச் சம்பளத்துக்குப் பிந்தியதாக மாற்றுவது செலவில்லாத வேலை. எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் கேட்டால் செய்கிறவர்கள் உண்டு. அடுத்து, வேறெந்தக் கடனையும் கூடுதலாக அடைக்குமுன், ஐயாயிரமோ பத்தாயிரமோ தனிக் கணக்கில் சேர்ப்பது. சம்பளக் கணக்கோடும் யூபிஐ செயலியோடும் இணையாத கணக்கு. நாற்பது சதவீத வட்டிக் கடன் இருக்கும்போது இரண்டரை சதவீத வட்டிக்குப் பணத்தைப் போட்டு வைப்பது மடத்தனம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். காகிதத்தில் அவர்கள் சொல்வது சரி. கோயம்பேடு காட்டியது, அந்தக் கையிருப்பு இல்லாமல் கடன் அடைவதே இல்லை என்பதை.

அதன் பிறகுதான் கடனடைப்பின் வரிசை. அதிக வட்டியை முதலில் அடைத்தால் பணம் மிச்சம். சிறிய கடனை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பு. 2012ல் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் இருவரும் கடன் தீர்ப்புத் திட்டமொன்றில் சேர்ந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து, கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடி வந்தவர்களுக்கே முழுவதும் மீளும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். நம் சூழலில் என் பரிந்துரை இரண்டுக்கும் நடுவே: தண்டல், செயலி, கார்டு என்ற மூன்றும் முதலில், அவற்றுக்குள் சிறியதிலிருந்து பெரியதாக. நண்பர்களிடம் வாங்கிய வட்டியில்லாக் கைமாற்றைக் கடைசியில் தள்ளிவிடக் கூடாது. அடுத்த நெருக்கடியில் வட்டியின்றி உதவப் போவது அவர்கள்தான். பைக் கடனை முன்கூட்டி அடைக்க அவசரப்பட வேண்டாம். நிலையான வட்டிக் கடனில் முன்கூட்டி அடைத்தால் கட்டணம் இருக்கலாம்.

தீபாவளி போனஸ் இந்தத் திட்டத்தின் திருப்பம். 1965ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று வைத்தது. 7,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு ஏழாயிரம். புதுத்துணிக்கும் பட்டாசுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியே ஆக வேண்டும்; அதை மறுக்கும் திட்டம் எந்த வீட்டிலும் நிற்காது. மிச்சத்தால் கையிருப்பு ஒரே நாளில் நிரம்பிவிடும். சம்பள உயர்வும் அப்படியே. ரிச்சர்ட் தாலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004ல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆலைத் தொழிலாளர்கள் ஒவ்வொரு ஊதிய உயர்விலும் ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போக முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். நாற்பது மாதத்தில் அவர்களுடைய சேமிப்பு விகிதம் 3.5லிருந்து 13.6 சதவீதமானது. கைக்கு வந்த பணத்தை விடுவதுதான் வலிக்கிறது, இன்னும் வராத பணத்தை விடுவது வலிப்பதில்லை.

மிரட்டலும் சட்டமும்

கட்ட முடியாமல் போனவரை அவமானமே அதிகம் கொல்கிறது. 2003ல் திரைப்படத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் தற்கொலைக்குப் பிறகு தமிழ்நாடு அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டன. தண்டனை மூன்றாண்டு வரை சிறை. சட்டம் வந்து பதினான்கு ஆண்டு கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. 2025ல் செயலிகளையும் மைக்ரோ ஃபைனான்ஸையும் சேர்த்து, மிரட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கும் இன்னொரு சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

சட்டம் காவல் நிலையம் வரை போகிறவருக்கே பயன்படும். போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலி எடுக்கக் கூடாது. செயலிக் கடனை எடுத்து மனம் மாறினால், குறித்த நாளுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியேறலாம். வங்கிகள், நிதி நிறுவனங்கள் மீதான புகாருக்கு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரின் 14448 என்ற எண் இருக்கிறது. அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டும் செயலிகளுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். இந்த எண்களை ஆலை கேன்டீன் சுவரில் எழுதி வைத்தால் என்ன?

ஆனால் தனிமனிதனின் தைரியத்தையும் சிக்கனத்தையும் மட்டும் நம்பி இந்தச் சிக்கலை விட்டுவிட முடியாது என்பதே என் நிலை. அம்பத்தூர், காட்டூர், திருமுல்லைவாயில் பெண்கள் தொழிற்பேட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சிக்கன நாணயச் சங்கம் இருக்க முடியும். சங்கத்துக்கு வேண்டிய பழைய விதிகள் கையில் இருக்கின்றன. கான்ட்ராக்டர் மாறினாலும் ஆள் மாறாமல் பின்தொடர, பிஎஃப் கணக்குக்கு 2014லிருந்து இருக்கும் யுஏஎன் எண் போதும். தொழிலாளர் துறை, தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம், கூட்டுறவுத் துறை மூன்றும் ஒரு மேஜைக்கு வந்தால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாதம் முந்நூறு ரூபாயைச் சம்பளத்திலிருந்து பிடித்து அனுப்பும் பொறுப்பு கான்ட்ராக்டருடையதா, அவரை அமர்த்திய ஆலையுடையதா? கான்ட்ராக்டர் பிஎஃப் கட்டத் தவறினால் ஆலையே கட்ட வேண்டும் என்பது இப்போதே உள்ள விதி. அதே பொறுப்பை இந்த முந்நூறுக்கும் ஆலையின் தலையில் வைப்பதிலிருந்து தொடங்கலாம்.